உப்பை ஊரோடு குறைத்தவர்கள்

"எங்க பரம்பரையிலேயே பிரஷர் இருக்கு, என்ன பண்றது?" நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தாத்தா பக்கவாதத்தில் படுத்தார். அப்பாவுக்கு ஐம்பதில் ரத்தக்கொதிப்பு வந்தது. அண்ணனுக்கு நாற்பதிலேயே மாத்திரை தொடங்கியாயிற்று. தலையெழுத்து என்று முடித்துவிடுகிறோம். ரத்தவழியாக வருவதும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் தாத்தாவிடமிருந்து அண்ணன் வரைக்கும் இறங்கி வந்தவை வேறு சிலவும் உண்டு: அதே ஊறுகாய் ஜாடி, அதே குழம்பின் கைப்பக்குவம், தட்டில் குவிக்கும் அதே சோற்று அளவு.

இதில் ரத்தத்தால் வந்தது எவ்வளவு, அடுப்பங்கரையால் வந்தது எவ்வளவு? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்துக்கொண்டே போனபோது ஜப்பான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இன்று நீண்ட ஆயுளுக்குப் பெயர் வாங்கிய நாடு அது. அங்கே 1951 முதல் 1980 வரை, ஏறக்குறைய முப்பது வருடம், மரணக் காரணங்களில் முதலிடத்தில் இருந்தது பக்கவாதம். அதே மக்கள், அதே மண். பிறகு அது இறங்கியது. எப்படி இறங்கியது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

பனியும் பீப்பாயும்

அகிதா, அவோமோரி இரண்டும் ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் வடகோடியில் இருக்கும் மாவட்டங்கள். வருடத்தில் நாலைந்து மாதம் பனி மூடிக் கிடக்கும், வயலில் ஒன்றும் விளையாது. அதனால் குளிர் வருவதற்கு முன்பே முள்ளங்கி, கீரை, மீன் என்று கிடைத்ததையெல்லாம் உப்பில் ஊறப்போட்டு மரப்பீப்பாய்களில் நிரப்பி வைப்பார்கள். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, மிசோ சூப், உப்பில் ஊறிய காய். மிசோ என்பது சோயா அவரையை உப்போடு சேர்த்துப் புளிக்க வைத்த விழுது. கறி, முட்டை, பால் எல்லாம் அபூர்வம்.

வேலையோ உடம்பை முறிக்கும் விவசாய வேலை. உழைக்கிறவருக்குச் சோறு நிறைய வேண்டும். வெறும் சோறு தொண்டையில் இறங்காது, உப்பாக ஏதாவது தொட்டுக்கொள்ள வேண்டும். சோறு கூடக் கூட உப்பும் கூடியது.

1954 முதல் ஹிரோசாகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் நவோசுகே சாசாகி இந்தப் பகுதிக் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளின் ரத்த அழுத்தத்தை அளந்தார். நாற்பது, ஐம்பது வயதில், குடும்பத்தைத் தாங்குகிற வயதில், ஆட்கள் மூளை ரத்தக்குழாய் வெடித்து விழுந்துகொண்டிருந்த ஊர்கள் அவை. 1960இல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால் வெவ்வேறு நாட்டு மக்களின் உப்பு அளவையும் ரத்தக்கொதிப்பையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டினார். அதன் உச்சியில் நின்றது வட ஜப்பான்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 26 கிராம் உப்பு. தென் ஜப்பானில் 14 கிராம். இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் கீழே, அதாவது சுமாராக ஒரு தேக்கரண்டி.

சாசாகி இன்னொன்றையும் கவனித்தார். ஆப்பிள் விளையும் கிராமங்களில், ஆப்பிள் நிறையச் சாப்பிடுகிறவர்களின் ரத்த அழுத்தம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைவிடக் குறைவாக இருந்தது. பழத்திலும் காயிலும் இருக்கும் பொட்டாசியம், உப்பில் இருக்கும் சோடியத்தை சிறுநீர் வழியே வெளியேற்ற சிறுநீரகத்துக்கு உதவுகிறது. சோடியம் உடம்பில் தேங்கினால் அதோடு தண்ணீரும் தேங்கும், ரத்தத்தின் கன அளவு கூடும், குழாய்ச் சுவர்மேல் அழுத்தம் ஏறும். இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் குழாய் விறைத்துப்போகும். கடைசியில் மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ எங்காவது ஓரிடத்தில் அடி விழும். ஆகவே எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்பது பாதிக் கணக்கு. கூடவே எவ்வளவு காயும் பழமும் பருப்பும் போகின்றன என்பது மீதிக் கணக்கு.

ஒரே ரத்தம், மூன்று ஊர்

"அது ஜப்பான்காரர்களின் உடல்வாகாக இருக்கலாமே" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கென்றே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 1960களில் தொடங்கிய நி-ஹொன்-சான் ஆய்வு, மூன்று இடங்களில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஒப்பிட்டது: ஹிரோஷிமா, நாகசாகியில் இருந்தவர்கள் ஒரு பக்கம், ஹவாயின் ஹொனலுலுவில் குடியேறியவர்கள் ஒரு பக்கம், கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் இருந்தவர்கள் ஒரு பக்கம்.

மாரடைப்பு நோய் ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் மிக அதிகம். பக்கவாதத்தில் நிலைமை தலைகீழ், ஜப்பானில் இருந்தவர்களுக்கே அது கூடுதல். பாட்டன் முப்பாட்டன் ஒன்றுதான். தட்டும் வாழ்க்கையும் மாறியபோது வருகிற நோயும் மாறிவிட்டது. சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ டொரோண்டோவுக்கோ போன நம் உறவினர்களை நினைத்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதாகத் தெரியாது.

நல்ல தட்டு கெட்டுப்போவதும் இப்படித்தான். ஜப்பானிலேயே உப்பு குறைவாகச் சாப்பிட்டவர்கள் தெற்கே ஒகினாவா தீவுக்காரர்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் காய்களும் டோஃபுவும் அவர்களின் பழைய உணவு. நூறு வயதைத் தாண்டியவர்களுக்குப் பேர்போன தீவு அது. 1985இல் ஆண்களின் சராசரி ஆயுளில் ஒகினாவாதான் ஜப்பானின் முதலிடம். 2000இல் 47 மாவட்டங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கியது. போருக்குப் பின் அமெரிக்க ராணுவத் தளங்களோடு வந்த டப்பா இறைச்சியும் பர்கரும் பொரித்த கோழியும் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறைக்கு வயதாகத் தொடங்கியிருந்தது. கிழவர்கள் நீண்டகாலம் வாழ்ந்துகொண்டிருந்த தீவில் நடுத்தர வயது ஆண்கள் முன்கூட்டியே போனார்கள்.

ஒகினாவா இறங்கியது போலவே இன்னொரு மாவட்டம் ஏறியது. அதன் பெயர் நாகானோ.

நாகானோவில் என்ன நடந்தது

நாகானோவுக்குக் கடற்கரை கிடையாது. சுற்றிலும் மலை. ஒரு காலத்தில் கடலோரத்திலிருந்து உப்பும் உப்பு மீனும் மாட்டின்மேலும் மனித முதுகிலும் ஏறி வந்த மலைப்பாதைக்கு உப்புப் பாதை என்றே பெயர். இங்கும் நீண்ட குளிர், இங்கும் பீப்பாய். நொசாவானா என்ற கீரையை உப்பில் ஊறவைத்து, விருந்தாளி வந்தால் தேநீரோடு ஒரு தட்டில் வைப்பார்கள். அதைத் தொடாமல் எழுந்தால் மரியாதையாக இருக்காது. நம் வீட்டில் வந்தவருக்கு முறுக்கும் மிக்சரும் வைப்பதைப் போலத்தான். இங்கும் பக்கவாதம் ஆட்களை வாரிக்கொண்டு போனது.

1945இல் தொஷிகாசு வகாத்சுகி என்ற அறுவை மருத்துவர் தோக்கியோவிலிருந்து நாகானோவின் சாகு பகுதியில் இருந்த சிறிய மருத்துவமனைக்கு வந்தார். விவசாயிகள் முற்றிய நிலையில்தான் அங்கே வருகிறார்கள் என்பதைப் பார்த்தார். நோய் இருப்பதே தெரியாதவர்கள் ஒரு ரகம். தெரிந்தும் செலவுக்கும் வேலைக்கும் பயந்து பொறுத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகமும் நம் ஊரில் இல்லையா? அவர் மருத்துவமனையில் காத்திருக்கவில்லை. செவிலியர்களையும் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். சிகிச்சை முடிந்ததும் ஊர்க்காரர்கள் முன்னால் மருத்துவமனை ஊழியர்களே நாடகம் போட்டார்கள். நோயைப் பற்றிய சேதி நாடகம் வழியே போனது. 1959இல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் ஊர் முழுவதற்கும் வருடாந்திர உடல் பரிசோதனையைத் தொடங்கினார். 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆனால் இந்தக் கதையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர்கள் வேறு ஆட்கள். ஊருக்கு ஊர் சாதாரண இல்லத்தரசிகள் முறைவைத்து, இரண்டிரண்டு வருடம், சுகாதாரத் தன்னார்வலராக இருந்தார்கள். அவர்கள் முதலில் தாங்கள் கற்றுக்கொண்டார்கள். பிறகு தங்கள் வீட்டில் மாற்றினார்கள். அதன்பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கையில் உப்பளவு காட்டும் சிறு கருவி இருக்கும். "உங்க வீட்டு மிசோ சூப்பைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டு அதில் அமிழ்த்திப் பார்ப்பார்கள். எண் தெரியும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேச்சு தொடங்கும்.

அவர்கள் சூப்பை நிறுத்து என்று யாரிடமும் சொல்லவில்லை. காய்கறியை நிறையப் போட்டு, அதே கிண்ணத்தில் குழம்புத் தண்ணீர் குறையும்படி செய்யச் சொன்னார்கள். நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு அடியில் நிற்கும் சாற்றை மிச்சம் வைக்கச் சொன்னார்கள். கூடவே, குளிரில் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் வீட்டில் ஓர் அறையையாவது சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பரிசோதனை, மாத்திரை எல்லாம் இதற்கு இணையாக நடந்தன.

1990இல் நாகானோ ஆண்கள் ஆயுளில் ஜப்பானின் முதலிடத்தைப் பிடித்தார்கள். 2010இல் ஆண்களுக்கு 80.88, பெண்களுக்கு 87.18 வருடம் என்று இரண்டிலும் நாகானோவே முதலிடம். சுவாரசியமான ஒரு செய்தி: 2012இல் எடுத்த தேசிய உணவுக் கணக்கில் காய்கறி சாப்பிடுவதில் நாகானோ ஆண்கள் 379 கிராம், பெண்கள் 365 கிராம் என்று நாட்டிலேயே முதலாக வந்தார்கள். அதே கணக்கில் அவர்களின் உப்பு அளவு நாட்டின் சராசரியைவிட அதிகமாகவே இருந்தது. உப்பு முழுதாக அவர்களை விட்டுப் போகவில்லை. பழைய உச்சியிலிருந்து இறங்கியிருந்தது, காய்கறி தூக்கிப் பிடித்தது. சாசாகியின் ஆப்பிள் கிராமங்கள் சொன்னதும் இதைத்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஜப்பான் முழுவதும் பக்கவாதம் குறைந்ததற்கு உப்பு மட்டும் காரணம் அல்ல. 1960களில் வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி வந்தது, உப்பில் ஊறப்போடும் தேவை குறைந்தது. 1961இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வந்தன. தட்டில் புரதம் கூடியது. ஆனாலும் அகிதா மாவட்டத்தின் இகாவாவில் 1963 முதல் நடந்த பணி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. ரத்த அழுத்தத்தைத் தேடிக் கண்டுபிடித்து, உப்பைப் பற்றித் தொடர்ந்து ஊருக்குப் பேசிய இடத்தில், அவ்வளவு தீவிரமாகச் செய்யாத இன்னோர் ஊரைவிட ஆண்களிடம் பக்கவாதம் வேகமாகக் குறைந்தது.

நம் தட்டு

இப்போது நம்மிடம் வருவோம். இந்தியாவில் தேசிய அளவில் சிறுநீர் மாதிரியை வைத்துப் போட்ட கணக்குப்படி சராசரி உப்பு ஒருவருக்கு நாளைக்கு 8 கிராம், ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. வயதுவந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்கிறது அது. மூன்று பேருக்கு ஒருவருக்கு மேல்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உப்பின் பெரும்பகுதி கடையில் வாங்கும் டப்பா உணவிலிருந்து வருகிறது. நம்மிடம் இன்னும் பெரும்பகுதி வீட்டு அடுப்பிலிருந்துதான் வருகிறது. சோறு வடிக்கும்போது ஒரு கை, மாவு கரைக்கும்போது ஒரு கை, குழம்பு, ரசம், பொரியல், மோர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. அதற்குமேல் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வற்றல், கருவாடு. அகிதா விவசாயியின் தட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குவித்த வெள்ளைச் சோறு, அது இறங்க உப்பான தொடுகறி. இப்போது இதற்கு மேல் சிப்ஸ் பொட்டலமும் உடனடி நூடுல்ஸும் ஓட்டல் பிரியாணியும் வேறு ஏறிக்கொண்டிருக்கின்றன.

என் பெரியப்பா தூத்துக்குடி பக்கம். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் அவருக்கு வாரம் ஓடாது. அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வேலை செய்யாமல் போன பிறகு, பெரியம்மா அவருக்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சட்டியில் உப்புக் குறைத்துச் சமைத்தார். ஒரு நாள் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்? நீங்கல்லாம் ருசியா சாப்பிடுறீங்க, எனக்கு மட்டும் சப்புனு." பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்னய்யா செய்வேன், டாக்டர் சொல்லிட்டாருல்ல" என்றார். அதே வீட்டில், பெரிய சட்டியில் உப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இப்போது பி.பி. மாத்திரை.

இந்தத் தனிச் சட்டிதான் நம் முறையின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். நாம் உப்பைக் குறைப்பதை நோயாளியின் பத்தியமாக வைத்திருக்கிறோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிற பழமொழியை எல்லோரும் சொல்லிக்கொண்டு, ஒருவரை மட்டும் குப்பைத் தட்டில் உட்கார வைக்கிறோம். அவர் எத்தனை நாள் தாங்குவார்? நாகானோ இதை வேறு மாதிரி செய்தது. அங்கே தனித்தட்டு இல்லை. வீட்டுப் பொதுச் சட்டியில் உப்பு இறங்கியது, பக்கத்து வீட்டிலும் இறங்கியது, ஊர்க் கூட்டத்தில் பரிமாறிய சூப்பிலும் இறங்கியது. நோய் வந்தவருக்குத் தான் தண்டிக்கப்படுகிறோம் என்ற எண்ணம் வரவில்லை. நோய் வராதவருக்கு வராமலே இருக்க வழி கிடைத்தது.

நாக்கும் ஒத்துழைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் புதிய அளவு பழகிவிடும், பழைய அளவு கரிக்கத் தொடங்கும். எங்கள் வீட்டில் சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினோம். மோரில் போடுவதில்லை, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போடுகிறோம். ரசத்தில் எலுமிச்சையும் மிளகும் தூக்கலாக இருந்தால் உப்பு குறைந்தது யாருக்கும் தெரிவதில்லை. ஊறுகாய் ஜாடி மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பொரியலையும் கூட்டையும் கூட்டினோம், முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, அவரை, பூசணி என்று. சோறு குறைந்தால் அதைத் தள்ளும் உப்பும் தானாகக் குறைகிறது. சர்க்கரை நோய்க்கும் அதுவே நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்துப்பு நல்லது, கல்லுப்பு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியை நம்பித் தாராளமாகப் போடாதீர்கள். இரண்டிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். இந்துப்பில் அயோடினும் போதாது. குறைவாகப் போடுங்கள், போடுவதை அயோடின் கலந்த உப்பாகப் போடுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

உப்பையே மாற்றலாம் என்பதற்கு இன்னொரு ஆசியச் சான்று சீனாவிலிருந்து வந்தது. அங்கே 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம், ஐந்து வருடத்துக்கு நெருக்கமாக ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும், ரத்தக்கொதிப்புள்ள அறுபது வயதைத் தாண்டியவர்களும் அதில் இருந்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்த கலவை. 2021இல் முடிவு வந்தது. கலவை உப்பு வாங்கிய ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்திருந்தன. சமையலும் ருசியும் பழக்கமும் மாறவில்லை, டப்பாவில் இருந்த உப்பு மட்டும் மாறியது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இப்படிப்பட்ட குறைந்த சோடியம் உப்பை வீட்டுச் சமையலுக்குப் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

நம் மாநிலத்துக்கு இது புதிய யோசனை அல்ல. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் அம்மா உப்பு என்று மூன்று வகையை அறிமுகப்படுத்தியது. அதில் ஒன்று குறைந்த சோடியம் உப்பு. ஆனால் அன்றைய விலை, சாதாரணச் சுத்திகரித்த உப்பு கிலோ 10 ரூபாய், குறைந்த சோடியம் உப்பு 21 ரூபாய். கூலிக்குப் போகிற அம்மா எதை எடுப்பார்? பக்கவாதம் வந்தால் முதலில் உடைவது அந்தக் குடும்பம்தான். அவர் எடுக்கிற விலையில் இந்த உப்பு நியாயவிலைக் கடையில் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு பக்கவாத நோயாளியைப் பல வருடம் தாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்த மானியம் பெரிதாக இருக்காது.

கதவைத் தட்டும் பெண்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகளின் விருதும் கிடைத்தது. நாகானோவின் பெண்கள் செய்த வேலையில் பாதியை இவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதி சமையல் சட்டி. அவர்கள் கையில் உப்பு அளக்கும் கருவி ஒன்றைக் கொடுங்கள். ரசத்திலும் குழம்பிலும் அமிழ்த்திப் பார்த்து, அந்த எண்ணை வைத்துப் பேசப் பயிற்சி கொடுங்கள். அந்தப் பேச்சுக்கான நேரத்துக்கும் உழைப்புக்கும் சேர்த்து ஊதியத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அந்தச் சகோதரி வீட்டுக்கு வரும்போது மாத்திரை சாப்பிடுகிறவரை மட்டும் முன்னால் அனுப்பாதீர்கள். பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லோரும் கையை நீட்டுங்கள். அன்றைக்கே வீட்டுச் சட்டியில் போடும் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள், எல்லோருக்கும் ஒரே சட்டியில். அதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.